தலைப்பிரட்டைக்கு நூற்றுப்பன்னிரண்டு

சாலைக் கடைத்தெரு,
திருவனந்தபுரம்.

மிகுந்த மரியாதைக்குரிய லிங்கம் அத்தான் அவர்களுக்கு, ஆறுமுகநயினார் வணங்கி எழுதுவது. இங்கே நானும் வீட்டாரும் சௌக்கியம், கடைக்குத்தான் சௌக்கியமில்லை. அங்கே விஜயம் அக்காவின் முட்டிவலியும் தங்கள் பெருமையும் எந்த அளவில் இருக்கின்றன என்று அறிய ஆவல். முட்டிவலியாவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், எனக்கும் கொஞ்ச நாளாகப் போனைக் கண்டாலே எரிச்சலாக வருகிறது. அந்த எரிச்சலுக்குக் காரணம் தாங்கள்தான் என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

வள்ளியூர்க் கல்யாணத்தில் நடந்தது தங்களுக்கு ஞாபகம் இருக்கும். பந்தியில் இலை போட்டு, சாம்பார் வருவதற்குள், என் மூக்குக்கு நேராகப் போனை நீட்டி, "மாப்ளே, நம்ம மஹேஷுக்கு இருபத்தொண்ணு. உன் மக செல்விக்கு எத்தன?" என்று கேட்டீர்கள். தங்கள் மகன் சென்னையில் ஆராய்ச்சி செய்கிறான், என் மகள் பொன்செல்வி இங்கே ஆராய்ச்சி செய்கிறாள், அதுவரைக்கும் எனக்குத் தெரியும். இருபத்தொன்று என்றால் என்னத்தைக் கண்டேன்? ஏதோ வயதைக் கேட்கிறீர்கள், மகனுக்குப் பெண் பார்ப்பதால் பத்து வருஷத்தைக் குறைத்துச் சொல்கிறீர்கள் என்று நினைத்து, நான் உள்ளபடி "இருபத்தொம்பது" என்று சொல்லிவிட்டேன். தங்கள் கை அப்பளத்தோடு அப்படியே நின்றது. பிறகு போனில் அவள் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆறுல்லா போட்டிருக்கு" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னீர்கள். எதிர்வரிசையில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த, யாரென்றே தெரியாத ஒருவர்கூடச் சிரித்தார். நான் மோருக்கு நிற்காமல் எழுந்துவிட்டேன்.

ஊர் திரும்பியதும் நம் இரும்புக் கடையில் பில் போடும் ஷிஜுவிடம் கேட்டேன். "சாரே, ஒராள் எழுதின பேப்பரை வேற ஆளுகள் எத்தன தடவ எடுத்துச் சொல்லியிருக்கான்னு இன்டர்நெட்டே எண்ணி வைக்கும்" என்றான். ஆறு என்றால், செல்வியின் கட்டுரைகளில் ஆறையாவது, ஒவ்வொன்றையும் ஆறு தடவையாவது மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார்களாம். சரி, அளவு என்றால் அதற்கு ஒரு முத்திரை வேண்டாமா? என் கடைத் தராசுக்கு வருஷா வருஷம் சர்க்கார் ஆள் வந்து முத்திரை அடித்துவிட்டுப் போகிறார். இந்தத் தராசுக்கு எவன் அடித்தான்? ஷிஜு இன்னொன்றும் காட்டினான். தங்கள் புதல்வர் ஒவ்வொரு கட்டுரையிலும் தம்முடைய பழைய கட்டுரைகளையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார். தானே சமைத்து, தானே பரிமாறி, தானே உட்கார்ந்து சாப்பிட்டு, சமையல் பிரமாதம் என்று தானே சொல்லிக்கொள்வதற்கும் இன்டர்நெட்டில் மார்க் உண்டு போலிருக்கிறது. நான் குறையாகச் சொல்லவில்லை.

நிற்க. என் கவலை பந்தியில் போன மானத்தைப் பற்றி மட்டுமல்ல. செல்விக்கு இங்கே ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பது ஒப்பந்த வேலை, அது இந்த மழையோடு முடிகிறது. அதே நிலையத்தில் நிரந்தரமாக ஒரே ஒரு இடம் வந்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு. அது கிடைக்காவிட்டால் எந்தச் சீமைக்காவது பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், பொன்முடி ஓடைகளில் அவள் இத்தனை வருஷம் அட்டைக்கடி பட்டதெல்லாம் வீண். விண்ணப்பத்திலேயே அந்தப் பாழாய்ப்போன எண்ணைக் கேட்கிறார்கள். ஆறு என்று எழுதி அனுப்பிவிட்டு, "அது கெடக்கட்டும்ப்பா" என்கிறாள். அவளுக்குக் கிடக்கும், பெற்றவனுக்குக் கிடக்குமா?

அப்போதுதான் ஷிஜு அந்த வளையத்தைக் காட்டினான். செல்வியின் கடைசிக் கட்டுரைக்குப் பக்கத்தில் கலர் கலராக ஒரு வளையம், நடுவில் மூன்று என்று போட்டிருந்தது. அந்தக் கட்டுரையைப் பற்றி ஊரில் யார் பேசினாலும் அது ஏறுமாம். "மற்றதை ஏத்தணும்னா நெறைய வருஷம் எடுக்கும் சாரே, இது நம்ம மனசு வச்சா ஒரு வாரத்தில ஏறும்" என்றான். உடனே வியாபாரிகள் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் கட்டுரையைப் போட்டேன், சிவன் கோவில் குரூப்பில் போட்டேன், வாக்கிங் குரூப்பில் போட்டேன், எல்லோருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு அமுக்கச் சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு ஷிஜு தலையைச் சொறிந்துகொண்டு, "வாட்ஸ்அப் கணக்கில் வராது கேட்டோ" என்கிறான். ஊரறியப் போட்டால்தான் உண்டாம். அதனால் அரிசி மண்டி, பாத்திரக் கடை, ஜவுளிக் கடை என்று எந்தெந்தக் கடைக்கு ஃபேஸ்புக் பக்கம் இருக்கிறதோ அத்தனையிலும், 'சாலையின் மகள், உலகுக்கே பெருமை' என்று செல்வியின் படத்தோடு போடவைத்தேன். பாவம், அண்ணாச்சிமார் மறுபேச்சுப் பேசாமல் போட்டார்கள். என்னையும் சேர்த்து ஒருவரும் தலைப்புக்குக் கீழே படிக்கவில்லை. தலைப்பில் ஒரு தவளையின் பெயர் இருந்தது, அதுவும் லத்தீனில், அதற்கு மேல் யார் போவார்கள்?

அப்போதுதான் ரேஷ்மி வந்தாள். மாலைப் பத்திரிகை நிருபர், கொடி கட்டும் கம்பி வாங்கக் கடைக்கு வந்தவள். பத்திரிகையில் வந்தால் வளையம் ஒரே தாவாகத் தாவும் என்று ஷிஜு சொல்லியிருந்ததால், நானே சாயா வாங்கிக் கொடுத்து, கட்டுரையைக் கையில் திணித்து, "நம்ம மோளெப் பத்தி நாலு வரி எழுதணும்" என்று கெஞ்சினேன். அந்தப் பெண், சாலையில் ஒருவரும் செய்யாத காரியத்தைச் செய்துவிட்டாள். முழுசாகப் படித்துவிட்டாள்.

மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது. பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் புதிதாகப் போட்ட கூரை ஷீட்டில், அதாவது நாம் விற்கிற துத்தநாகம் பூசிய தகரத்தில், விழுந்து வழிகிற மழைத்தண்ணீர் நேரே ஓடையில் சேர்ந்து, தவளைக் குஞ்சுகளை, அந்தத் தலைப்பிரட்டைகளை, கொத்துக் கொத்தாகக் கொல்கிறதாம். சோதனைக்கு எடுத்த ஷீட் கிடைத்த இடம், ஆறுமுகநயினார் ஸ்டோர்ஸ், சாலை. கட்டுரையிலேயே அப்படித்தான் அச்சாகியிருக்கிறது, கதவு எண் ஒன்றுதான் பாக்கி. அத்தான், அந்த ஷீட்டை என் கையாலேயே ஜீப்பில் ஏற்றி அனுப்பினேன். லயத்து ஏழைகளுக்குக் கூரை போட மகள் கேட்கிறாள் என்று நினைத்து, கோவிலில் பத்துப் பேரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

மழை தொடங்குகிற மாதம். இந்த ஊரில் மொட்டைமாடிக்கு மேல் ஷீட் போடாத வீடு கிடையாது, இருந்து இருந்து வியாபாரம் நடப்பதே இப்போதுதான். சங்கத் தலைவர் பிச்சைக்கனி அண்ணாச்சி, அவரும் ஷீட் விற்கிறவர்தான், கடைக்கே வந்துவிட்டார். "ஏம்வே, எங்க கையாலயே எங்க கடைய மூட வச்சிட்டீரே. என் பக்கத்துலயும் சாலையின் மகள்னு போட்டு, மால வேற போட்டு வச்சிருக்கேன். உம்ம நம்பினேன் பாரும்" என்றார். ஒவ்வொருவராகத் தங்கள் பக்கத்தில் செல்வியையும் என்னையும் தலைப்பிரட்டையையும் திட்டி எழுதினார்கள். இங்கேதான் கூத்து. திட்டத் திட்ட வளையம் ஏறுகிறது. புகழ்ந்தாலும் அதே கணக்கு, காறித் துப்பினாலும் அதே கணக்கு. பார்க்கப் பார்க்க நூற்றுப்பன்னிரண்டு. எனக்கும் புத்தி எங்கே போயிற்றோ, தங்களுக்கு 'செல்வி நூற்றுப்பன்னிரண்டு, மஹேஷ் இருபத்தொன்று' என்று அனுப்பினேன். அது வேறு அளவு, இது வேறு அளவு என்று தாங்கள் பதில் போட்டீர்கள். ஆணியைக் கிலோவிலும் கயிற்றை மீட்டரிலும் விற்கிற எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்தான். அதற்காக அந்தச் சிரிக்கிற பொம்மையைச் சேர்த்து அனுப்பியது தங்கள் வயதுக்கு அழகா?

செல்வி பொன்முடி அடிவாரத்திலிருந்து வரும் விதுரா பஸ்ஸில் வந்து இறங்கினாள், காலெல்லாம் சேறு. இயக்குநர் கூப்பிட்டு, விளம்பரத்துக்காக அவளே இதைக் கிளப்பினாளா என்று கேட்டிருக்கிறார். தேர்வுக்குழுவிலும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதாம். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. "அப்பா, நீங்க இத வாசிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள். தலைப்பு வாசித்தேன் என்றேன். "ஊரு முழுக்கக் குடுத்தீங்க அல்லே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் உள்ளே போய்விட்டாள். அவள் ஆறோடு போயிருந்தாலும் ஒரு வழி இருந்திருக்கும், நான் நூற்றுப்பன்னிரண்டாக்கிக் கெடுத்தேன்.

ஆகையால் தங்களுக்குத் தாழ்மையுடன் தெரிவிப்பது. இந்த எண்கள் எல்லாம் வெறும் பம்மாத்து. மனுஷன் வேலையை எண்ணால் அளக்கிறவன் மூஞ்சியில் நான் இனி விழிக்கமாட்டேன், அந்தப் பக்கத்தை இந்த ஜன்மத்தில் திறக்கமாட்டேன். மஹேஷின் எண் ஏறினாலும் இறங்கினாலும் எனக்கு எழுத வேண்டாம். அக்காவுக்கு என் நமஸ்காரம். மஹேஷுக்கு என் ஆசி, அவன் நல்ல பிள்ளைதான். பத்மநாபசாமி எல்லோரையும் நன்றாக வைக்கட்டும், தங்களுக்குக் கொஞ்சம் அடக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

இப்படிக்குத் தங்கள் மைத்துனன்,
ஆறுமுகநயினார்

பின்குறிப்பு: தபாலில் போட மறந்து மேஜையிலேயே கிடந்ததால் இதையும் சேர்க்கிறேன். நேர்முகத் தேர்வு முடிந்தது. எண்ணைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லையாம். குழுவில் இருந்த ஒரு அம்மாள், "இந்த ஆறுமுகநயினார் ஸ்டோர்ஸ் யார்?" என்று கேட்டிருக்கிறார். "அப்பா கடை." "தெரிந்துமா பெயரைப் போட்டாய்?" "ஷீட் வாங்கின இடத்தைப் போடணும், போட்டேன்" என்றாளாம். வேலை கிடைத்துவிட்டது. அன்று ராத்திரி அவளே பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுரை முழுவதையும் எனக்குத் தமிழில் வாசித்துச் சொன்னாள். ஷீட்டுத் தண்ணீரை ஓடையில் விடாமல், குழி வெட்டி மண்ணில் இறக்கினால் போதுமாம். கடை மாடித் தண்ணீரை நேற்றே திருப்பிவிட்டேன். ஷீட் வாங்குகிறவர்களிடமெல்லாம் பில்லோடு சேர்த்து இதையும் சொல்லச் சொல்லியிருக்கிறேன், பிச்சைக்கனி அண்ணாச்சி என்னோடு பேசுவதில்லை. அத்தான், தங்கள் மாட்டுத் தொழுவத்துக்கு நான் அனுப்பிய ஷீட்டும் அதே ஷீட்தான், அந்தத் தண்ணீர் பின்னால் இருக்கிற மீன்குளத்தில்தான் விழுகிறது. உடனே திருப்பவும். மஹேஷின் கட்டுரையைப் படித்து யாராவது எங்காவது ஒரு தண்ணீரைத் திருப்பியிருக்கிறார்களா என்றும் விசாரித்து எழுதவும். இல்லையென்றால் இன்றைய நிலவரம், செல்வி ஒன்று, மஹேஷ் பூஜ்யம். தாங்களும் திருப்பினால் செல்விக்கு இரண்டு. திருப்பியதும் போட்டோ எடுத்து அனுப்பவும், ஷிஜு கம்ப்யூட்டரில் கணக்கு வைக்கத் தொடங்கிவிட்டான்.