காளான் மருந்துக்காகக் கருப்பராயனுக்கு லீவு

கேட்டி, டெக்சாஸ்
ஜூன் 2001

அன்புத் தங்கை தனபாக்கியத்துக்கு,

மகன் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டு, ஒரு வேலையும் செய்யாமல், அதனாலேயே களைத்துப்போயிருக்கும் அண்ணன் கோபாலசாமி எழுதுவது. மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அவர் தெளிவாக இருக்கும் வேளை பார்த்துச் சொல்லவும். இங்கு அனைவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் அடுத்த வரியிலேயே அடிக்க வேண்டிவரும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் உன்னைப் பற்றியதும்தான், உட்கார்ந்து படி.

நம் அகிலனுக்கு ஓசிடி என்று ஒரு மனவியாதி. கையில் கிருமி இருக்கிறது என்று மனம் சொல்லுமாம், கழுவுவான். சரியாகக் கழுவவில்லை என்று சொல்லுமாம், மறுபடி கழுவுவான். புறங்கைத் தோல் வெடித்து ரத்தம் கசிகிறது. இதைத்தான் நாம் இத்தனை காலமும் சுத்தம் என்று கொண்டாடிக்கொண்டிருந்தோம். இவனுக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில், "பையன் கை கழுவாம ஒரு முறுக்கைக்கூடத் தொடமாட்டானுங்க" என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். மருமகள் வான்மதிக்கும் நன்றாக நினைவிருக்கிறது. "நீங்க சொன்னப்போ எங்கப்பாவும் தலையாட்டினாருங்க மாமா, ரெண்டு பேருமாச் சேர்ந்துதான் என்ன மாட்டிவுட்டீங்க" என்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள். ஆனால் சிரிப்பதற்கில்லை. குழந்தை வெண்பாவை அவன் தூக்கி மாதக்கணக்காகிறது. தன் கையால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். அது தவழ்ந்து வந்து காலடியில் நின்று கைநீட்டினால், இவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி நிற்கிறான். குழந்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்துவிடுகிறது. அகிலன் முகத்தை அப்போது பார்க்க முடியாது தனபாக்கியம்.

மாத்திரைகள் பலவிதம் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கம் வந்தது, தொப்பை வந்தது, குணம் வரவில்லை. அப்போதுதான் அவன் இன்டர்நெட்டில் ஒன்றைக் கண்டுபிடித்தான். ஒருவகைக் காளானில் இருக்கும் மருந்தாம். கண்ணைக் கட்டிப் படுக்கவைத்து, பக்கத்தில் இரண்டு டாக்டர்கள் உட்கார்ந்துகொண்டு கொடுப்பார்களாம். மனசுக்குள் பூட்டிக் கிடப்பதெல்லாம் திறந்துகொள்ளுமாம், சிலருக்குச் சாமியே தெரியுமாம். முதலில் நான் குதித்தேன். போதையில் மாப்பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் விழுந்து கிடந்த வாய்க்கால்தான், சாமி தெரிந்ததாகச் சொல்லவில்லையே என்றேன். பிறகு குழந்தை இன்னொரு தடவை கைநீட்டியதைப் பார்த்தேன். அன்றைக்கே கட்சி மாறிவிட்டேன். ஆனால் எதுவானாலும் சட்டப்படி கிடைக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றேன். மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்துப் பென்ஷன் வாங்குகிறவன், இந்த வயதில் அமெரிக்க ஜெயிலில் பீன்ஸ் தின்ன முடியுமா.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கேன்டீனில் டாக்டர் அரியரட்ணம் அவர்களைப் பிடித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர். புளியோதரைத் தட்டோடு வரிசையில் நின்றவரிடம், "டாக்டர், காளான்ல சாமி தெரியற வைத்தியம் எங்கீங்க பண்றாங்க?" என்று கேட்டேன். வரிசையே திரும்பியது. அவர் என்னைச் செருப்பு ஸ்டாண்டு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார். "ஐயா, இதை இஞ்சை சத்தமாக் கதைக்காதேங்கோ. சட்டப்படி எண்டால் ஆராய்ச்சிக்குள்ளை மட்டுந்தான். வெளியிலை ஆரும் தந்தால் தாறவரும் உள்ளை, வாங்கிறவரும் உள்ளை." அதோடு விட்டிருக்கலாம். அகிலன் குறித்துவைத்திருந்த ஒரு ஆசிரம நம்பருக்கு வான்மதியை விட்டுப் போன் போட்டேன். வாருங்கள், மலை, நதி, காளான், எல்லாம் உண்டு என்று ஒருவர் இனிக்க இனிக்கப் பேசினார். ரசீது கொடுப்பீர்களா என்று கேள் என்றேன். போனை வைத்துவிட்டார். ரசீது இல்லாத இடத்தில் சட்டம் இல்லை என்பது நான் மின்வாரியத்தில் கற்றது. இதற்கு நடுவில் மழை பெய்து இந்த வீட்டுப் புல்வெளியிலேயே குடை குடையாகக் காளான் முளைத்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "மாமா, கைய எடுங்க" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

கடைசியில் டாக்டர் அரியரட்ணமே விசாரித்து, மூன்று மாநிலம் தள்ளி ஒரு பல்கலைக்கழகத்தில் அரசாங்க அனுமதியோடு இந்த ஆராய்ச்சி நடப்பதாகச் சொன்னார். எழுதிப்போட்டோம், நேரில் வரச் சொன்னார்கள். குடும்பத்தோடு விமானம் ஏறினோம். அகிலனோடு நல்லபடியாகப் பேசினார்கள். பிறகு ஒரு டாக்டரம்மா குடும்ப வரலாறு கேட்க என்னைக் கூப்பிட்டார். இங்கேதான் உன் அண்ணன் தன் மூளையைக் காட்டினான். அந்தம்மா கேட்டதை வான்மதி தமிழில் சொன்னாள்: "மத்தவங்களுக்குக் கேக்காத குரல் உங்க ரத்த சொந்தத்துல யாருக்காச்சும் கேக்குமானு கேக்கறாங்க மாமா." நான் என்ன நினைத்தேன் தெரியுமா. சாமி தெரிகிற மருந்து. ஏற்கெனவே சாமி வருகிற குடும்பம் என்றால் முன்னனுபவம் என்று சீட்டை உடனே கொடுப்பார்கள் என்று நினைத்தேன். சம்பந்தம் பேசும்போது குடும்பப் பெருமையைக் குறைத்துச் சொல்லி நமக்குப் பழக்கமும் இல்லை.

"என் தங்கச்சிக்குக் கருப்பராயன் எறங்குமுங்க" என்றேன்.

"மாமா, இதச் சொல்லோணுங்களா?"

"சொல்லு கண்ணு. நம்ம குடும்பம் என்ன குடும்பம்னு அவங்களுக்குந் தெரியட்டும்."

சொன்னாள். டாக்டரம்மா தட்டச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். குரல் என்ன சொல்லும் என்று கேட்டார். புருஷனைக் குடிக்காதே என்று சொல்லும், பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை நகர்த்தினதைச் சொல்லும் என்றேன். யாருக்காவது காயம் உண்டா என்றார். சாட்டை மாப்பிள்ளை மேல் மட்டும்தான் படும் என்றேன். சாமி மலையேறிய பிறகு நடந்தது நினைவிருக்குமா என்றார். வரப்பு விஷயம் மட்டும் நினைவிருக்கும் என்றேன். அவர் எழுத எழுத எனக்கு உற்சாகம் கூடி, எனக்கும் ஒரு தடவை லேசாக வந்தது என்று சேர்த்துவிட்டேன். அது சித்திரை வெயிலில் மின்கம்பத்தில் ஏறி மயக்கம் போட்டது. உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

அரைமணி கழித்துக் கூப்பிட்டுச் சொன்னார்கள். குரல் கேட்கும் குடும்பத்தாருக்கு இந்த மருந்து கொடுத்தால் மனம் திறந்து மூடாமலே போய்விடலாமாம், அதனால் எடுக்க மாட்டார்களாம். உங்கள் வழிபாட்டை மதிக்கிறோம், ஆனால் விதி விதிதான் என்று அந்தம்மா மரியாதையாகச் சொன்னார். வான்மதி மன்றாடிப் பார்த்தாள். திரும்பும்போது அகிலன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. விமான நிலையக் குழாயடியில் போய் நின்றான், கூப்பிடக் கூப்பிட வரவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பதிலாக அந்த டாக்டரம்மா எழுதிக்கொடுத்தது ஹூஸ்டனில் ஒரு சாதா வைத்தியம். மருந்தே கிடையாது. கதவுக் கைப்பிடியைத் தொடு, கழுவாமல் உட்காரு, பயம் தானாக இறங்கும்வரை பொறு என்று வாரம் ஒரு வீட்டுப்பாடம். இதைச் சொல்ல ஒரு படிப்பா. அகிலன் போய்வர ஆரம்பித்திருக்கிறான், எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை.

ஆகவே தங்கச்சி, காலைப் பிடித்துக் கேட்கிறேன். மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். இந்த ஆடிக்கு நீ ஆடாதே. கருப்பராயனிடம் விவரத்தைச் சொல்லி ஒரு வருடம் லீவு போடச் சொல். இறங்கியே தீருவேன் என்றால் மாப்பிள்ளை மேல் இறங்கட்டும். அவர் அசலில் இருந்து வந்தவர், நமக்கு ரத்த சம்பந்தம் இல்லை, டாக்டர் கணக்கில் சேரமாட்டார். மேலும் உனக்கு எப்போதும் எந்தக் குரலும் கேட்டதில்லை என்று மணியக்காரரிடம் முத்திரையோடு ஒரு சான்றிதழ் வாங்கி அனுப்பு. பக்கத்துக் காட்டுக்காரன் சந்தோஷமாகச் சாட்சிக் கையெழுத்துப் போடுவான்.

உன் காடு விளையட்டும், கிணறு ஊறட்டும், மாப்பிள்ளை நேராக நடந்து வீடு வந்து சேரட்டும்.

ஆசிகளுடன்,
அண்ணன்
கோபாலசாமி

பி.கு.: மேலே கேட்டதையெல்லாம் ரத்து செய்துகொள். கிழித்துவிட்டு வேறு எழுதலாம், ஆனால் என் கையெழுத்து இவ்வளவு அழகாக வந்து வெகுநாளாகிறது. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது வான்மதி குளித்துக்கொண்டிருந்தாள். வெண்பா கராஜ் கதவோரம் போய் என் செருப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருப்பதற்குள் அகிலன் வந்துவிட்டான். வெறுங்கையால் செருப்பைப் பிடுங்கினான், குழந்தையைத் தூக்கினான். நேராகக் குழாயடிக்குப் போனான். திறக்கவில்லை. திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தான். நெற்றியெல்லாம் வேர்வை.

"யாருக்குங்கப்பா எழுதறீங்க?"

"அத்தைக்கு."

ஒரு கையால் வாங்கிப் படித்தான். படிக்கிற சாக்கில் நேரத்தைக் கடத்துகிறான் என்று எனக்குப் புரிந்தது. மாப்பிள்ளை வரியில் சிரித்துவிட்டான். "மாமா மேல எறங்குனா சாராயக் கடைக்காரனுக்குத்தானுங்கப்பா குறி சொல்லுவாரு. அத்தையே ஆடட்டும். நான் இந்த வீட்டுப்பாடத்தையே பாத்துக்கறேன்." பிறகு எழுந்து போய்க் கழுவினான். நிறைய நேரம்தான் கழுவினான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கையைத்தான் கழுவினான். இன்னொரு கையில் குழந்தை இருந்தது.