ஏழாவது கட்டத்துக்கு ஒரு வார்த்தை

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. நாங்கள் நலம், மாடுகளும் நலம். உங்கள் மூட்டுவலி தேவலை என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். விவசாயக் கல்லூரியில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் ஒன்று கிடைத்தால்தான் என் மகளுக்குப் படிப்பு, இல்லையென்றால் இந்த வருஷம் வீட்டில்தான். படிவத்தின் ஏழாவது கட்டம் குடும்பத் தொழில். ஆங்கிலத்தில், ஒரே வார்த்தையில். நான் பாட்டுக்கு 'ஃபார்மர்' என்று எழுதிவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பேன். என் போதாத காலம், முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவராயிற்றே என்று உங்களுக்குப் போன் போட்டேன். "மாப்ளே, ஃபார்மர்னு எவன் வேணாலும் எழுதுவான். கொஞ்சம் வெயிட்டா ஒண்ணு போடுங்க. தப்பான வார்த்தை விழுந்தா அப்படியே தூக்கிப் போட்டுருவாங்க" என்றீர்கள். அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் திரும்பவில்லை.

நீங்கள் சொன்ன 'அக்ரிகல்சரிஸ்ட்'டை எழுதிக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்குக் கையெழுத்து வாங்கப் போனேன். குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "அது ஆராய்ச்சி பண்றவங்க சார். நீங்க என்ன ஆராய்ச்சி பண்றீங்க?" என்றார். அடித்துவிட்டு 'குரோயர்' என்று எழுதினால், உரக்கடைக்காரர், "ஒரே பயிரை ஏக்கர் கணக்குல போடுறவருக்கு அது. உங்களுக்குத் தக்காளி நாலு வரிசை, கொஞ்சம் சோளம், மூணு மாடு" என்று கடையே கேட்க எண்ணிக் காட்டினார். மாட்டைச் சொன்னாரே என்று 'ரான்ச்சர்' போட்டேன். மாட்டு டாக்டர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஊசி விழுந்தது. "அதுக்குக் குதிரையில போய் மாடு எண்ணணும். உங்க மாட்டை உட்கார்ந்த இடத்துலயே எண்ணிடலாமே!" சரி, அடக்கமாக ஏழைக் குடியானவன் என்றே இருக்கட்டும் என்று 'பெசன்ட்' போட்டால், தபாலாபீஸ் அம்மாள் ஏற இறங்கப் பார்த்து, "அவ்வளவு கஷ்டமா உங்களுக்கு?" என்று கேட்டு, தபால்தலைக்குப் பசையைத் தானே தடவித் தந்தார்.

எட்டாவது கட்டம் வசிக்கும் பகுதி. 'ரூரல்' என்றால் சர்க்கார் அறிக்கை மாதிரி இருக்கிறது. 'ரஸ்டிக்' அழகாக இருக்கிறதே என்றால், மரச்சாமான் கடை வைத்திருக்கும் என் தம்பி, "புது மேசையைக் கீறிப் பழசு மாதிரி ஆக்கி வைப்போமேண்ணே, அதுக்குப் பேரு" என்கிறான். நீங்கள் போனில் உருகி உருகிச் சொன்ன 'பாஸ்டரல்' வார்த்தையில் புல்வெளியும் ஆடும் கவிதையும் இருக்கிறதாம். எங்கள் வாசலில் இருப்பது டீசல் பம்பு.

வெள்ளை மை பூசிச் சுரண்டிச் சுரண்டி ஏழாவது கட்டமே ஓட்டையாகி, அதன் வழியாகப் பின்பக்கத்துக் கேள்வி ஒன்று எட்டிப் பார்க்கிறது. பதினொரு நாளாக இதே பிழைப்பு. உங்கள் தங்கைக்கோ இதன் அருமை தெரியவில்லை. "தண்ணி மடை மாத்தணும், கொஞ்சம் வாங்களேன்" என்று நச்சரிக்கிறாள். "நம்ம தொழிலுக்குத்தான் வார்த்தை தேடிக்கிட்டிருக்கேன், தொந்தரவு பண்ணாதே" என்று சொல்லிவிட்டேன். புதன்கிழமை எங்கள் பசு கன்று போட்டதையே உரக்கடையில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நாளை மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. போனில் கேட்டால் ஒன்றுக்கு மூன்றாகச் சொல்வீர்கள். அதனால்தான் பால்வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஒரே ஒரு வார்த்தையை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, அவரிடமே அனுப்பவும். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்களை நம்பிக் கெட்ட மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மகள் வந்தாள். வேறொரு படிவம் வாங்கிப் போன வாரமே அனுப்பிவிட்டாளாம். வருகிற வரிசையிலேயே இடம் தருகிறார்களாம், அவளுக்கு உண்டு என்று பதிலும் வந்துவிட்டதாம். நகலைக் காட்டினாள். ஏழாவது கட்டத்தில் 'ஃபார்மர்'. அதற்கு நேரே, தொழிலைச் செய்பவர் என்று உங்கள் தங்கையின் பெயர். பின்பக்கத்தில், தந்தையின் தொழில் என்ற இடத்தில் வெறும் கோடு. "ஏம்மா இப்படி?" என்றேன். "அதுக்கு என்ன வார்த்தை போடுறதுன்னு எனக்கும் தெரியலப்பா. மாமாவைக் கேளுங்க" என்றாள். கோபம் வரவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது. ஆகவே மச்சான், வேலையைச் செய்யாமல் வேலையைப் பற்றியே பேசிக்கொண்டு திரிகிறவனுக்கு ஆங்கிலத்தில் என்ன வார்த்தை? கௌரவமாக இருந்தால் எழுதவும். இல்லாவிட்டால் அந்தக் கோடே இருக்கட்டும்.