ரோசரி மிஸ்ஸின் கேபிள் வகுப்பு

“ஊசியில இருக்கிற இந்த மூணு கண்ணிய முன்னாடி விடணுமா, பின்னாடி விடணுமா மிஸ்?” என்று வஹீதா கேட்டாள்.

ரோசரிக்கும் அதுதான் தெரியவில்லை.

மன்னார்புரத்தில், தன் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் கம்பளிப் பின்னல் வகுப்பு நடத்துபவள் ரோசரி. போன சனிக்கிழமை சாதாரணப் பின்னல் முடிந்ததும், “அவ்வளவுதாம்மா வகுப்பு” என்றாள். மாணவிகள் மூவரும் விடவில்லை. “கேபிள் சொல்லிக் குடுங்க மிஸ்” என்று நின்றார்கள். சடை போல முறுக்கிக்கொண்டு ஏறும் அந்தப் பின்னலை ரோசரி படத்தில்தான் பார்த்திருந்தாள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வாரம் முழுக்க வீடியோ பார்த்தாள். கண் எரிந்ததுதான் மிச்சம்.

“முன்னாடிதான்,” என்றாள் துணிந்து.

விட்ட கண்ணிகளைத் தாங்க மூன்றாவதாக ஒரு குட்டி ஊசி வேண்டும். வாங்க மறந்திருந்தாள். கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவிக் கோத்தாள். கண்ணிகள் வழுக்கின. ஒன்று நாலு வரிசை கீழே ஓடிவிட்டது. கொண்டையும் அவிழ்ந்தது.

“எல்லாரும் நாலு வரிசை பிரிச்சிருங்க. அப்பதான் அடிப்படை புரியும்.”

மூவரும் மறுபேச்சில்லாமல் பிரித்தார்கள்.

மறுபடி எண்ணியபோது ரோசரியின் பதினெட்டுக் கண்ணி பதினைந்தாகியிருந்தது. மூன்றைச் சேர்த்தாள். சடை வீங்கியது. வீக்கத்தை மறைக்க அடுத்த முறுக்கைப் பின்பக்கமாகப் போட்டாள். இடப்பக்கம் சாய்ந்து ஏறிய சடை வலப்பக்கம் திரும்பிக்கொண்டது.

“நெளியுதே மிஸ்,” என்றாள் ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் கலைமதி.

“இது காவிரி டிசைன். அப்படித்தான் வளையும்.”

கலைமதி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். கீழே கோடு வேறு போட்டாள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் ரோசரிக்கு மனசு கேட்கவில்லை. ஊசிகளைக் கீழே வைத்தாள்.

“எனக்கு கேபிள் தெரியாதும்மா. ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு. வேற நல்ல மிஸ்ஸா பாத்து சேந்துக்கங்க.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அதுவரை வாயே திறக்காத லிசி மெல்லத் தொண்டையைச் செருமினாள்.

“கேபிள் எல்லாம் இங்க சேர்றதுக்கு முன்னாடியே எங்க மூணு பேருக்கும் தெரியும் மிஸ்; வகுப்ப முடிச்சுட்டீங்கன்னா சனிக்கிழமை வீட்டுலேர்ந்து தப்பிக்க எங்களுக்கு வேற எடம் இல்ல.”