பால் தொடாத வேண்டுதல்

“பாலத் தொட மாட்டேன்” என்று தெய்வசிகாமணி சொன்னபோது, அவர் மனைவி தனக்கொடி அவர் தலையில் சும்மாட்டுத் துணியை வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். பித்தளைக் குடம் பக்கத்தில் பளபளவென்று காத்திருந்தது.

“குடிக்கச் சொல்லல. தூக்கத்தான் சொல்றேன்.”

“தூக்கவும் கூடாது. நான் வீகன் ஆயிட்டேன்.”

“எப்போ?”

“காலையில.”

“காலையில ரெண்டு கிளாஸ் டீ குடிச்சீங்களே?”

“அதுக்கப்புறம்.”

விஷயம் இதுதான். போன மழைக்காலத்தில் டெங்கு வந்து மனுஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ‘இவர நல்லபடியா வீட்டுக்கு அனுப்பு தாயே, ஆடி மாசம் பால்குடம் எடுக்க வைக்கிறேன்’ என்று தனக்கொடி மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். வேண்டியது அவள், எடுக்க வேண்டியது இவர். அம்மனும் நல்லபடியாக அனுப்பிவிட்டாள். இப்போது இவர் பங்கு பாக்கி. குருசுக்குப்பம் கடற்கரையில் கிளம்பி முத்தியால்பேட்டைக் கோயில் வரை, உச்சி வெயிலில், தார் ரோட்டில், வெறுங்காலோடு நடக்க வேண்டும்.

பக்தியில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் பாதத்தில்தான். வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டு நடக்கிற ஆள். அவர் உள்ளங்காலைத் தொட்டால் இட்லி என்று நினைத்துச் சட்னி கேட்பார்கள். பயந்துவிட்டார். இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

பயந்தவருக்கு வழி காட்டியது அவர் கல்லாவில் உட்காரும் கஃபே. அன்றைக்கு ஒரு வெள்ளைக்கார அம்மாள் வெண்ணெய் போட்ட தோசையைத் திருப்பி அனுப்பிவிட்டாள். “கறியா போட்டோம்? வெண்ணெய்தானே?” என்று இவர் கேட்க, சமையல்கார சிலம்பரசன் விளக்கினான்.

“அண்ணே, சைவம்னா உயிரத் திங்க மாட்டான். வீகன்னா உயிருகிட்டருந்து எதையுமே வாங்க மாட்டான். தயிர், நெய், தேன், பட்டு, தோலு, எதுவும் ஆகாது. பாலே கன்னுக்குட்டிதுதானேம்பான்.”

பால் ஆகாது! தெய்வசிகாமணிக்கு அந்தக் கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடித்து அழலாம் போல இருந்தது.

ஆனால் தனக்கொடி யார் என்பதை அவர் மறந்துவிட்டார். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பொய் சொல்லி லீவு கேட்டால் அவள் மறுக்கவே மாட்டாள். பல்வலி என்றால் லீவு கொடுத்துவிட்டு, மறுநாள் கேன்டீனில் அந்த ஆளுக்குப் பிரியாணிக்குப் பதில் கஞ்சி ஊற்றச் சொல்வாள். அதற்குப் பிறகு அந்த லைனில் யாருக்கும் பல் வலித்ததில்லை.

“வீகன்னா சைவம்தானே? மீன் இல்ல, அவ்வளவுதானே?” என்று கேட்டாள்.

“ச்சீ! சைவம்லாம் சும்மா. பால் குடிப்பான், நெய் ஊத்திக்குவான். எங்கள்ல அதெல்லாம் கிடையாது.”

“எங்கள்லன்னா எவ்ளோ பேரு?”

“உலகம் பூரா இருக்காங்க.”

“முத்தியால்பேட்டையில?”

“நான்தான் ஆரம்பிச்சிருக்கேன்.”

“சரிங்க” என்றாள்.

சண்டை இல்லை, மூக்கு உறிஞ்சல் இல்லை. வெறும் ‘சரிங்க’. அந்தச் ‘சரிங்க’ அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் டீ கறுப்பாக வந்தது. மதியச் சோற்றில் நெய் இல்லை, தயிர் இல்லை. ராத்திரி தோசைக்குப் பக்கத்தில் முட்டை இல்லை. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. வாசலில் செருப்பும் இல்லை, வீட்டுக்குள் போடுவதும் இல்லை.

“செருப்பு எங்கடி?”

“ரெண்டுமே தோலு செருப்பாச்சே. தெருமுனை செக்யூரிட்டிக்குக் குடுத்துட்டேன். பாலு வேணாம்னு சொல்லிட்டு மாட்டையே மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா, அந்த மாடு என்ன நெனைக்கும்?”

“ரப்பர் செருப்பு வாங்கிக்கறேன்.”

“வாங்குங்க. ஒட்டற பசை எதுலருந்து வருதுன்னு கேட்டுட்டு வாங்குங்க.”

சிலம்பரசனுக்குப் போன் போட்டார். “சில பசை மாட்டு எலும்புல காச்சறதா கேள்விப்பட்டிருக்கேன் அண்ணே” என்றான் அந்தப் பாவி. அதை ஸ்பீக்கரில் போட்டது இவர் செய்த தப்பு.

அன்றிலிருந்து வெறுங்கால். பெரிய மார்க்கெட்டுக்குக் கீரை வாங்க வெறுங்கால். கஃபேக்கு வெறுங்கால். முதலாளி கேட்டதற்கு, “வேண்டுதல் சார்” என்றார். பால்குடம் எடுக்காமல் இருப்பதற்காக, பால்குடம் எடுப்பவரைப் போலவே ஊர் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் கூழ் ஊற்றினார்கள். எல்லார் சொம்பிலும் மோர் கலந்த கூழ், கையில் கருவாடு. இவர் சொம்பில் தண்ணீர்க் கூழ், கையில் ஒரு சின்ன வெங்காயம்.

“கருவாட்டுக் கொழம்புல கெடக்கற மொச்சைக்கொட்டையாவது...” என்று இழுத்தார்.

“கருவாடும் ஒரு காலத்துல நீந்துச்சுங்க” என்றாள் தனக்கொடி, மிகவும் வருத்தத்தோடு, கருவாட்டைக் கடித்துக்கொண்டே.

சாயங்காலம் மஞ்சள் காப்புக் கயிறோடு கோயில் விழாக்குழுக் கொளஞ்சி வந்தார். தனக்கொடி முந்திக்கொண்டாள்.

“அண்ணே, இவருக்குப் பாலு ஆகாது. வேண்டுதல மாத்திக்கலாம்னு இருக்கோம். வேற என்னா இருக்கு?”

“செடல் இருக்கு தங்கச்சி. முதுகுல கொக்கி குத்தித் தேர் இழுக்கறது. இல்லன்னா தீமிதி.”

“செடல்ல பாலு உண்டா?”

“பாலா? கொக்கி இரும்பு. கயிறு நூலு. சுத்தி எலுமிச்சம்பழம்.”

“எல்லாமே இவருக்கு ஆகும். தீமிதி?”

“வெறும் கட்டைதான். புளியங்கட்டை, வேப்பங்கட்டை.”

“அதுவும் வீகன்தான். எதுங்க உங்களுக்கு வசதி?”

தெய்வசிகாமணி முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார். திடீரென்று ஒரு வெளிச்சம்.

“செடல் கூடாது! அதுல தோலு வருது! வீகனுக்குத் தோலு ஆகாது!”

“அது உங்க தோலுங்க. மனசாரக் குடுக்கறீங்க. அதுல பாவம் இல்ல.”

“தீமிதியில... எறும்பு... கட்டையில எறும்பு இருக்கும் தனம்.”

“உதறிட்டுப் போடச் சொல்றேன். செருப்பில்லாம காலும் நல்லாப் பழகிடுச்சு. அண்ணே, தீமிதின்னே சொல்லிடுங்க.”

கொளஞ்சி காப்பை எடுத்தார். தெய்வசிகாமணி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“தனம், நான் யோசிச்சுப் பாத்தேன். சைவமே போதும்.”

“சைவம்லாம் சும்மான்னீங்க?”

“சும்மா இல்ல. ரொம்ப நல்ல விஷயம். நம்ம நாட்டு விஷயம்.”

“அதுல பாலத் தொடலாமா?”

“தொடலாம். தூக்கலாம். தூக்கிட்டு ஓடவும் செய்யலாம்.”

“பால்குடத்துக்கே காப்பு கட்டுங்க அண்ணே.”

“அதத்தானே போன வாரமே சொல்லிவெச்ச?” என்றார் கொளஞ்சி, ஒன்றும் புரியாமல். “இப்ப என்னாத்துக்கு செடல், தீமிதின்னு கேட்டியாம்?”

“சும்மா தெரிஞ்சிக்கலாம்னுதான்” என்றாள் தனக்கொடி.

தெய்வசிகாமணி கையை நீட்டினார்.

ஊர்வலம் நன்றாகவே நடந்தது. வாசலுக்கு வாசல் பெண்கள் தண்ணீர் ஊற்றி ரோட்டைக் குளிர வைத்திருந்தார்கள். சுட்டது, ஆனால் பொறுக்கிற சூடுதான். கோயிலில் பாலைச் சாமிக்கு ஊற்றிவிட்டு, பட்ட கடனை அடைத்த நிம்மதியோடு வெளியே வந்தார். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, முகத்தில் ஒரு வெற்றிக்களை.

“அப்பாடா. முடிஞ்சுது தனம்.”

தனக்கொடி போனைத் தூக்கிப் பிடித்தாள்.

“மூணு வருஷத்துக்கு வேண்டியிருக்கேங்க. இது மொத வருஷம். எங்க, கொஞ்சம் சிரிங்க பாக்கலாம்.”

அவர் சிரிக்கவில்லை.