மேலே இரண்டு பேர் ஆடுகிறார்கள்

காவிரிக் கரையில் நெல்லுக்கு அடுத்தபடியாக அமோகமாக விளைகிற மனித ரகம் ஒன்று உண்டு. 'நான் வெறும் காய்தானுங்களே' என்று சொல்லிக்கொள்ளும் ரகம். இதற்கு விதை வேண்டாம், உரம் வேண்டாம், மேட்டூரில் தண்ணீர் திறக்காத வருடத்திலும் விளைச்சல் குறையாது. ஊருக்கு ஒருவராவது தேறுவார். திருவையாற்றுக்குப் பக்கத்தில் நாம் பார்க்கப்போகிற ஊரில் அவருக்குத் துரைக்கண்ணு என்று பெயர். வயது ஐம்பத்தெட்டு. ஒன்றரை ஏக்கர் நஞ்சை, ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு மனைவி, ஒரு தத்துவம்.

தத்துவம் இதுதான். மேலே கடவுளும் சாத்தானும் எதிரெதிரே உட்கார்ந்து ஓயாமல் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நாமெல்லாம் காய். நகர்த்தினால் நகர்வோம், வெட்டினால் விழுவோம், மற்றபடி நமக்கும் நடப்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இந்த ஞானம் எப்படிக் கிடைத்தது என்று அவர் சொல்லமாட்டார். செல்போனில் பார்த்த ஏழு நிமிட வீடியோவில் கிடைத்தது என்று அவர் மனைவி அமிர்தம் சொல்வாள். "சிவன் கோயில் குருக்களுக்குப் பக்கத்து வீடு உங்களுது, உங்க கதையில சாத்தான் எப்படிங்க வந்தான்?" என்று யாராவது மடக்கினால் அதற்கும் பதில் தயார்.

"சாத்தான்னு சொல்லு, சனின்னு சொல்லு, கலின்னு சொல்லு. எதிர்ல ஒருத்தன் உட்கார்ந்து ஆடுறானா இல்லையா?"

உபைதுல்லா டீக்கடையில் இந்தத் தத்துவத்துக்குச் செய்முறை விளக்கமும் உண்டு. ஒரு கிளாஸை இந்தப் பக்கம் வைப்பார், அது கடவுள். ஒரு கிளாஸை அந்தப் பக்கம் வைப்பார், அது சாத்தான். நடுவில் ஒரு பன்னை வைத்து, "இதான் நாம" என்பார். பிறகு பேச்சு சூடுபிடிக்கும். பேச்சு சூடு பிடித்தால் துரைக்கண்ணுவுக்குப் பசிக்கும். பசித்தால், நாம் எல்லோரும் அவர் வாய்க்குள் போய்விடுவோம். அது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வாங்கிய பன்னாக இருக்கும். அவர் முறைத்தால், "நான் எங்கய்யா எடுத்தேன்? எடுக்க வெச்சான்" என்று ஒரு கிளாஸைக் காட்டுவார்.

மைத்துனரைப் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவரை இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தால் அது மறதி இல்லை, மறக்கடிக்கப்பட்டது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒருவரைக் கண்டபடி பேசிவிட்டால் அது கோபம் இல்லை, எதிராளியின் நகர்த்தல். இதெல்லாம் சில்லறை. ஊர் சிரித்துவிட்டுப் போய்விடும். சிரிக்க முடியாமல் போனது வரப்பு விஷயத்தில்தான்.

நடவுக்கு முன்னால் அவரவர் தங்கள் பக்கத்து வரப்பைச் செதுக்கிப் புல்லைப் போக்கிச் சேறு பூசுவது வழக்கம். துரைக்கண்ணுவும் செதுக்குவார். புல்லோடு நிறுத்தினால் யாருக்கும் புகார் இல்லை. அவருடைய மண்வெட்டி புல்லையும் தாண்டி இரண்டு விரற்கடை உள்ளே போகும். வருடத்துக்கு இரண்டே விரற்கடை, வளை தோண்டுகிற எலிகூட அதற்குமேல் எடுக்கும். ஆனால் வரப்பு மெலியும், மெலிந்த வரப்பில் தண்ணீர் கசியும், அந்தப் பக்கத்து வயல்காரியான அம்சம் தன் தண்ணீர் ஓடிப்போகாமல் இருக்கத் தன் வயல் சேற்றையே அள்ளி அள்ளித் தன் பக்கத்தில் அப்பி வரப்பைத் தடிப்பாக்குவாள். அடுத்த வருடம் இவர் மறுபடியும் இந்தப் பக்கத்தில் செதுக்குவார். இப்படி இருபது வருடம். வரப்பு நடந்தது. அம்சத்தின் கையைப் பிடித்துக்கொண்டே அம்சத்தின் வயலுக்குள் நடந்தது.

செதுக்குகிற அந்த நேரத்தில் தனக்குள் என்ன நடக்கிறது என்பதைத் துரைக்கண்ணு உண்மையாகவே கவனித்திருக்கிறார். 'போதும்' என்று ஒரு குரல் சொல்லும். 'இன்னும் கொஞ்சம்' என்று இன்னொரு குரல் சொல்லும். முதல் குரல் யார், இரண்டாம் குரல் யார் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆட்டம் கடுமையாக நடக்கும். வருடா வருடம் சாத்தான்தான் ஜெயிப்பான். ஜெயித்த மண் மட்டும் ஏனோ சாத்தானிடம் போகாமல் துரைக்கண்ணுவின் வயலிலேயே தங்கிவிடும்.

அம்சத்துக்கு இருப்பதே ஒரு மா, ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. துரைக்கண்ணுவின் அப்பா காலத்தில் இந்தக் குடும்பத்து வயல்களில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள் அவள். அவளும் கணவன் இராஜாங்கமும் கூலியில் மிச்சம்பிடித்து வாங்கிய நிலம் அது. இராஜாங்கம் இறந்த பிறகு அவளே பயிர் வைக்கிறாள். நிலம் குறைகிறது என்பது அவளுக்கு எந்த வரைபடத்தையும் பார்த்துத் தெரியவில்லை. முதல் வருடம் பதினைந்து பெண்கள் வரிசையாக இறங்கி நட்ட வயலில், போன வருடம் பதினைந்தாவது ஆள் நிற்க இடமில்லாமல் வரப்பில் ஏறி நின்றாள். இருபது வருடமாக நம் கையாலேயே நம் நிலத்தை மூடிக்கொண்டிருந்தோம் என்று அம்சத்துக்கு உறைத்தது.

நேரே துரைக்கண்ணுவிடம் போனாள்.

"அண்ணே, வரப்பு என் பக்கம் நகர்ந்து வந்திருக்குண்ணே."

"நீ நகர்த்தினியா?"

"இல்லண்ணே."

"நான் நகர்த்துனத நீ பாத்தியா?"

"பாக்கலண்ணே."

"பாத்தியா. நீயும் நகர்த்தல, நானும் நகர்த்தல. அப்ப யாரு நகர்த்துனா?" துரைக்கண்ணு ஒரு விரலை மேலே தூக்கினார்.

அம்சமும் மரியாதையாக அண்ணாந்து பார்த்தாள். "சரிண்ணே. அவங்க வர்றாங்களோ இல்லையோ, சர்வேயர் வருவாங்க" என்று சொல்லிவிட்டு வந்து, தஞ்சாவூரில் வேலை பார்க்கிற மகள் பூவிழியிடம் சொல்லி, நிலத்தை அளக்க மனு போட்டுவிட்டாள். துரைக்கண்ணு கலங்கவில்லை. அளப்பது ஆட்கள், ஆடுவது அவர்கள் என்று டீக்கடையில் சொன்னார்.

புரட்டாசியில், சம்பா நடவுக்கு நாற்று தயாராக இருந்த ஒரு காலையில், சர்வேயர் வானதி நில வரைபடமும் டேப்புமாக வந்து இறங்கினார். துரைக்கண்ணு வயலுக்கும் அம்சம் வயலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய எல்லைக் கல்லைக் காணவில்லை. அது துரைக்கண்ணு வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் கல்லாகப் பத்து வருடமாக உழைத்துக்கொண்டிருப்பது ஊருக்கே தெரியும், அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. "பரவாயில்ல, வாய்க்கால் பக்கத்துக் கல்லுலேருந்து வர்றேன்" என்றார் வானதி. வாய்க்காலை அடுத்து இருப்பது சாமிதுரையின் வயல். சாமிதுரை, துரைக்கண்ணுவின் பெரியப்பா மகன். அதை அடுத்துத் துரைக்கண்ணு, அதற்கும் அடுத்து அம்சம். வானதி வாய்க்காலிலிருந்து டேப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, சாமிதுரையின் வயலுக்குள்ளேயே ஓரிடத்தில் நின்றார்.

"சார், உங்க நிலம் இங்க ஆரம்பிக்குது."

"அது எங்க அண்ணன் வயலாச்சே மேடம்."

"இல்ல சார். இங்கேருந்து அந்த வரப்பு வரைக்கும் நாலடி, உங்களுது."

துரைக்கண்ணு வரப்பைப் பார்த்தார். சாமிதுரையைப் பார்த்தார். சாமிதுரை வெற்றிலையைக் குதப்பியபடி வாய்க்காலைப் பார்த்தார். அவரும் செதுக்கியிருக்கிறார். இவர் குடும்பத்துக் கைதானே. தண்ணீர் கசிகிறதே என்று இந்தப் பக்கத்தில் வருடா வருடம் சேறு அப்பியவர் துரைக்கண்ணு. பாவம், அது இப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. அதுவரை அண்ணனாக இருந்தவர் ஒரே நொடியில் வேறு ஆளாகிவிட்டார்.

"யோவ் சாமிதுரை, ஒனக்குக் கை இருக்குல்ல? புத்தி இருக்குல்ல? மம்பட்டி தானா எறங்கி வெட்டிச்சா? தெரிஞ்சு தெரிஞ்சு வெட்டியிருக்கய்யா நீ. கூடப்பொறந்தவன் மாதிரி பழகிட்டு எப்படிய்யா மனசு வந்துது? இப்பவே வெட்டு. இப்பவே என் நாலடிய விடு."

ஒரு கடவுள் இல்லை, ஒரு சாத்தான் இல்லை. சாமிதுரை என்கிற ஒரு மனிதர் மட்டும் கையும் புத்தியுமாகத் தனியாக நின்றார். வானதி இதற்குள் இந்தப் பக்கம் அளந்து முடித்து, அம்சத்தின் வயலில் மூன்றடி துரைக்கண்ணுவிடம் இருக்கிறது என்று சொல்லி அடையாளக் குச்சி ஊன்றிவிட்டார். அம்சம் அந்தக் குச்சிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"அண்ணே, இப்ப அங்க கேட்டீங்களே, அதையே அப்படியே இந்தப் பக்கம் திரும்பி ஒருதரம் கேளுங்கண்ணே."

துரைக்கண்ணு அண்ணாந்து பார்த்தார். புரட்டாசி வெயில்தான் இருந்தது. குரலைத் தணித்து, "சம்பா அறுப்பு முடியட்டும் அம்சம், நிதானமா பேசிக்கலாம்" என்றார்.

காலைச் சாப்பாட்டோடு வந்திருந்த அமிர்தம் தூக்குவாளியை வரப்பில் வைத்தாள். சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். "அவரு இப்பவே விடணும்னா, நீங்களும் இப்பவே விடுங்க. இந்தாங்க. அந்தக் கல்லையும் கொண்டாந்து நட்டுடுங்க. நான் வேற கல்லுல தொவைச்சுக்குறேன்."

ஊர் முழுக்கக் கரையில் நிற்கிறது. வேறு வழி? துரைக்கண்ணு இறங்கி வெட்டினார். அந்தப் பக்கம் சாமிதுரையும் வெட்டினார். உச்சி வெயிலுக்குள் இரண்டு வரப்புகளும் வந்த வழியே திரும்பிப் போயின. மறுநாள் நடவில் பதினைந்து பெண்கள் வயலுக்குள்ளேயே நின்றார்கள். திரும்பக் கிடைத்த மூன்றடியை மட்டும் அம்சம் யாரையும் நடவிடவில்லை. முழங்கால் வலியோடு தானே இறங்கி, கடைசி நாற்று முடி வரை தன் கையாலேயே நட்டாள். நட்டு முடித்துக் கரையேறியபோது அவள் முகத்தைப் பார்த்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் துரைக்கண்ணு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்சத்துக்குக் கொஞ்சம் குறையுற மாதிரி தெரிஞ்சுது. பாவம், தனியா பாடுபடுற பொம்பள. சரி போகட்டும்னு நானாத்தான் விட்டுக்குடுத்தேன்."

நானாகத்தான்! காதில் விழுந்ததா? இருபது வருடம் அவரை நகர்த்திக்கொண்டிருந்த இரண்டு பேரும் அன்றைக்கு ஆட்டத்திலேயே இல்லை.

சிரிக்கிறீர்கள், நல்லது. சிரித்து முடித்ததும் ஒரு சின்ன வேலை. கடைசியாக உங்களால் ஒருவருக்கு நட்டம் வந்தபோது அவரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். 'என்ன பண்றது, நேரம் அப்படி' என்று ஆரம்பித்திருந்தால், அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டுக் கொஞ்சம் குனிந்து உங்கள் கையைப் பாருங்கள். நகக்கண்ணில் மண் இருக்கும்.