மெயின் சுவிட்சில் தொங்கிய சிவப்புப் பூட்டு

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு; செத்துப்போன நாத்தனாரின் இரண்டையும் சேர்த்து. மூன்றாவது வரை படித்தேன். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிப்பேன். ஆறு பிள்ளைகளைக் கரையேற்ற அது போதுமானதாக இருந்தது. இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் பேத்தி ஸ்டெல்லா.

ஒரகடத்திலிருந்து படப்பை வரைக்கும் எத்தனையோ கம்பெனி வந்துவிட்டது. எந்தெந்த ஊர் ஆட்களோ வந்து குடியிருக்கிறார்கள். இத்தனை ஜனங்களுக்குள் பூட்டுக்காரரைப் போல மனிதர்களை நம்பாத இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை. கரண்ட் ஆபீசை நம்ப மாட்டார். கரண்ட் இல்லாத நேரத்தில் கரண்ட் இல்லை என்பதையும் நம்ப மாட்டார். அவரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். பொய் என்று எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதச் சொல்கிறேன்.

அவர் தொழில் கீசர் ரிப்பேர். அதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தார். அங்கே ஒரு சட்டமாம். மிஷினில் கை வைக்கிறவன் முதலில் கரண்டை நிறுத்தி, அதன்மேல் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். போட்டவனைத் தவிர வேறு யாரும், மேனேஜரே வந்தாலும், அந்தப் பூட்டைத் தொடக்கூடாது. காண்ட்ராக்ட் முடிந்து அவர் கம்பெனியை விட்டு வந்தார். பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. சிவப்புப் பெயின்ட் அடித்த ஏழு பூட்டு, பையில் கிண்கிணி என்று சத்தம் போட, டிவிஎஸ்ஸில் வருவார். சாவிக்கொத்து அரைஞாண் கயிற்றில் தொங்கும். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பூட்டு என்றால் போதும்.

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்த அன்று ஊரெல்லாம் கரண்ட் கட். வந்தவர் கீசரைப் பார்க்கவில்லை. மாடிப்படி அடியில் இருந்த மெயின் சுவிட்ச் பெட்டிக்குப் போய், கைப்பிடியைக் கீழே இறக்கி, பூட்டை மாட்டினார்.

"இன்னாப்பா இது? கரண்டே இல்லியே, அதுக்கு எதுக்குப் பூட்டு?" என்றேன்.

"இப்ப இல்ல. இன்னும் அர மணி நேரத்துக்கு வராதுன்னு எழுதிக் குடுப்பியாம்மா?"

"நான் எப்படிப்பா எழுதிக் குடுக்கறது?"

"அப்ப பூட்டு இருக்கட்டும்."

அதோடு விட்டாரா? டெஸ்டரை எடுத்துக்கொண்டு தெருக்கோடி பேட்டரிக் கடைக்குப் போனார். அங்கே இன்வெர்ட்டரில் கரண்ட் இருந்த ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்தார், எரிந்தது. திரும்பி வந்து எங்கள் ஒயரில் வைத்தார், எரியவில்லை. மறுபடியும் கடைக்குப் போய் வைத்துப் பார்த்தார்.

"நடுவுல டெஸ்டரே செத்துப்போயிருந்தா? செத்தவன் சாட்சி சொல்ல மாட்டான்ல?" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு மேஸ்திரி பட்ட பாடு தனிக்கதை. அவர் வீட்டு மெயினில் பூட்டைப் போட்டுவிட்டு வாஷர் வாங்கப் படப்பைக்குப் போய்விட்டார் பூட்டுக்காரர். உள்ளே டிவியில் கிரிக்கெட், கடைசி இரண்டு ஓவர். மேஸ்திரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் நின்றார். திரும்பி வந்தவர் மேல் பாய்ந்தார்.

"யோவ், எவன் வூட்ல எவன்யா பூட்டு போடறது? சாவியக் குடு!"

பூட்டுக்காரர் படியில் குந்தி, டப்பாவைத் திறந்து, தக்காளி சாதத்தைப் பிசைந்தார். "சாவி என் இடுப்புல கீது. வேல முடியற வரிக்கும் அங்கதான் இருக்கும். நீ வோணும்னா என்னையும் சேத்துத் தூக்கினு போயி சுவிட்சாண்ட வையி."

மேஸ்திரி வீட்டுக் கீசரில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருகிறதே என்று, ஆவி போகிற வால்வைச் சைக்கிள் டியூப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதை முதலிலேயே பார்த்திருந்த பூட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு மேஸ்திரியை உள்ளே இழுத்துப்போனார்.

"இது அதோட மூக்கு. உன் மூக்க இதே மாரி கட்டி அடுப்புல குந்த வச்சா இன்னா ஆவும்? நீ வெடிப்ப. அதுவும் வெடிக்கும். உன் பொண்டாட்டி அதுக்குக் கீயதான் நின்னுகினு குளிக்குது."

அன்றைக்குக் கிரிக்கெட்டில் யார் ஜெயித்தார்கள் என்று மேஸ்திரி கேட்கவேயில்லை.

எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு. கீசரைக் கழற்றினால் உள்ளேயிருந்து சுண்ணாம்புக் கட்டியாகக் கொட்டும். அதைத் தட்டில் கொட்டி, கல்யாணத் தாம்பூலம் போல வீட்டில் எல்லாருக்கும் காட்டுவார். "வருசத்துக்கு ஒருதபா வவுறு கழுவுங்க. எர்த் ஒயரப் பாருங்க. சுவிட்ச அணைச்சுட்டுக் குளிங்க. இந்த மூணுக்கு மேல ஒண்ணுமில்ல. இது மூணையும் செஞ்சா நான் பட்டினி, நீங்க உசுரோட இருப்பீங்க." இப்படித் தொழில் செய்தால் எவன் பிழைப்பான்?

இனிமேல் சொல்வதில் சிரிக்க ஒன்றுமில்லை.

எங்கள் மாடியில் ஆறு அறை. கம்பெனிக்குப் போகிற பெண்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் என்னை ஆயா என்பார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கார்த்திகையில் நல்ல மழை. மாடிக் கீசர் சுடவில்லை, சுவிட்சும் கருகியிருந்தது. பூட்டுக்காரர் காலையில் வந்தார். மெயினை இறக்கிப் பூட்டினார். பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். இரண்டு அடி நடந்து, திரும்பி வந்து, மறுபடியும் இழுத்துப் பார்த்தார். "சந்தேகமிருந்தா தொங்கிப் பாரேன்பா" என்றேன் நான். மேலே போய்ப் பார்த்துவிட்டு, தண்ணீரைச் சுட வைக்கிற காயில் போய்விட்டது, ஒரகடம் போய் வாங்கி வருகிறேன் என்று மழையில் கிளம்பினார். பூட்டு பூட்டியபடியே இருந்தது.

மணி ஒன்று ஆயிற்று. செகண்ட் ஷிப்டு பெண்களுக்கு ஒன்றரைக்குக் கம்பெனி பஸ். கீழ்ப் பாத்ரூமில் கௌரி என்கிற பெண் தலைக்கு ஷாம்பு போட்டிருந்தாள். டேங்கில் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

"ஆயா! கண்ணு எரியுது ஆயா! மோட்டரப் போடு! பஸ்ஸ வுட்டா ஆப்செண்ட்டு ஆயா!"

மோட்டார் போடக் கரண்ட் வேண்டும். கரண்டுக்குப் பூட்டு. வாசலை எட்டிப் பார்த்தேன், டிவிஎஸ் இல்லை. இன்னும் வரவில்லை என்று நினைத்தேன். மேலே பார்த்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம். "யப்பா, கீறியா?" என்ற ஒரு வார்த்தை. கொடுக்கவில்லை. ஏன் என்று உண்மையைச் சொல்கிறேன். எனக்குக் கோபம். புருஷன் செத்த பிறகு நானே நின்று கட்டிய வீடு. என் வீட்டு மெயினுக்கு எவனோ ஒருவன் பூட்டுப் போட்டுவிட்டுப் போவான், நான் கைகட்டி நிற்க வேண்டுமா?

அம்மிக் குழவியை எடுத்து வந்தேன். முதல் அடியில் பூட்டு அசையவில்லை. இரண்டு, மூன்று. ஐந்தாவது அடியில் உடைந்தது. எனக்கு எழுபத்திரண்டு வயதில் இவ்வளவு பலமா என்று பெருமையாக இருந்தது. கைப்பிடியை மேலே தூக்கினேன். மோட்டார் ஓடியது.

"தண்ணி வந்துடுச்சு ஆயா!" என்று கௌரி கத்தினாள்.

அதே நேரம் மாடியில் தொப்பென்று ஏதோ விழுந்தது.

அவர் பத்து நிமிஷம் முன்னாலேயே திரும்பி வந்திருக்கிறார். மழைக்காக வண்டியை மேஸ்திரி வீட்டு ஷெட்டில் விட்டு, பின்படி வழியாக மேலே போயிருக்கிறார். காயிலை மாட்டிவிட்டு, கருகிய சுவிட்சை மாற்றிக்கொண்டிருந்தார். ஒயர் கையில். ஈரத் தரை. நான் போனபோது சுவரோரம் கிடந்தார். வலது கை கருகியிருந்தது. அந்த வாடையை நான் சொல்லப்போவதில்லை. கீழே ஓடி வந்து மெயினை இறக்கினேன். டீக்கடையில் இருந்தவர்களைக் கூப்பிட்டேன். அவர்கள் வருவதற்குள் உடைந்த பூட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த நேரத்திலும் என் கை அதைச் செய்தது.

எழுதிக்கொண்டிருந்த ஸ்டெல்லா இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டாள். என் முகத்தையே பார்க்கிறாள். எழுதடி, இன்னும் முடியவில்லை.

பிழைத்துக்கொண்டார். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மீதி மூன்றும் மடங்காது. ஆஸ்பத்திரியில் கண் திறந்து என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது கையைப் பற்றி இல்லை.

"பூட்டு இன்னாம்மா ஆச்சு?"

என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது. "கீய கெடந்துச்சுப்பா. அதுவா கயண்டு வியுந்துடுச்சு போல. நீ வேலய முடிச்சுட்டுப் பூட்ட எடுத்துட்டன்னு நெனச்சுதான் நான் சுவிட்சப் போட்டேன்."

கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தார்.

"அப்ப உம்மேல தப்பு இல்லம்மா. பூட்டு கீய கெடந்தா யாரா இருந்தாலும் போடத்தான் செய்வாங்க. நான் இயுத்துப் பாக்கல போல. மய அவசரத்துல வுட்டுட்டேன். உன் வூட்ல போயி இப்புடி ஆயிடுச்சே, மன்னிச்சுக்கோ."

இழுத்துப் பார்த்தார். இரண்டு தடவை இழுத்தார். நான் பக்கத்தில் நின்று கேலி செய்தேன். அதை அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? கட்டோடு வீடு வீடாகப் போய்த் தன் தப்பைச் சொன்னார். "பூட்டு போட்டா போதாது, இயுத்துப் பாக்கணும். நான் பாக்கல, என் கையப் பாருங்க" என்று நீட்டிக் காட்டினார். ஜனங்கள் பாடம் படிக்கவில்லை. அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். "பூட்டோட பூட்டே தானா தொறந்துக்குச்சாம்!" என்று டீக்கடையில் சிரித்தார்கள். மேஸ்திரிகூடச் சிரித்தார். இப்போது வடக்குப்பட்டு ரோட்டில் ஒரு குடோனில் கேட் வாட்ச்மேனாக இருக்கிறார். வலது கையைப் பேன்ட் பாக்கெட்டிலேயே வைத்திருப்பார்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. கோயிலில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பத்து அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்லி மன்னித்துவிட்டார். நல்ல ஃபாதர். ஆனால் போனது ஃபாதருடைய கை இல்லையே. பூட்டுக்காரரிடமே போய்ச் சொல்லலாம் என்று மூன்று முறை கேட் வரைக்கும் போனேன். மூன்று முறையும் "வாம்மா, குந்தும்மா, டீ சொல்றேன்" என்றார். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

எங்கள் கீசருக்கு மட்டும் வருஷம் ஒருமுறை இன்னும் அவர்தான் வருகிறார். இடது கையால் செய்கிறார். போன மாதமும் வந்தார். மெயினை இறக்கி இரண்டு பூட்டுப் போட்டார்.

"நீயே இயுத்துப் பாரும்மா. என்ன நம்பாத."

இழுத்தேன். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார். மேனேஜர் வந்தாலும் கொடுக்காதவர், அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

"உன்னாண்ட இருக்கட்டும். இங்கியே நின்னுகினு இரு. நீ நின்னா எனக்குப் பயமில்ல."

ஒரு மணி நேரம் நின்றேன். வாசலில் யாரோ பெல் அடித்தார்கள், போகவில்லை. அடுப்பில் குழம்பு தீய்ந்தது, போகவில்லை. மேலே அவர் ஸ்பேனர் சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே நின்றேன். அன்றைக்கு ராத்திரிதான் ஸ்டெல்லாவிடம் நோட்டு வாங்கி வரச் சொன்னேன்.

இது பத்திரிகைக்குப் போவதற்கு முன்னால் வேறு இடத்துக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் இவளும் குடோன் கேட்டுக்குப் போகிறோம். என் வாயால் எனக்கு வராது. இவள் படிப்பாள், நான் அவர் எதிரில் நிற்பேன். உடைந்த பூட்டை அரிசி டிரம்முக்கு அடியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். அடிபட்ட தழும்பு ஐந்தும் அதில் இருக்கிறது, அவருக்கு ஒரு பார்வை போதும். திட்டினால் வாங்கிக்கொள்வேன். போலீசுக்குப் போனாலும் சரி. இதையெல்லாம் கேட்ட பிறகும் அவர் எனக்கு டீ சொல்லிவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது.

எங்கே ஸ்டெல்லா, கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஒரு தடவை படி. அவர் கேட்பதற்கு முன்னால் நான் கேட்டுக்கொள்கிறேன்.