டென்னிஸின் காருக்குப் பதினேழு இஞ்ச் சக்கரம்

மூங்கில்துறைப்பட்டு,
10.11.2025

அன்புள்ள மைத்துனன் டென்னிஸுக்கு, மாமா லூர்துராஜ் எழுதிக்கொள்வது. அந்தோணியார் புண்ணியத்தில் நான், உன் அக்கா, மகன் பிரிட்டோ மூவரும் சுகம். குறை ஒன்றுதான். கல்யாணத்துக்கென்று செப்டம்பரிலேயே வாங்கிய இரண்டு மூட்டைச் சர்க்கரையைக் காணோம். உன் அக்கா பக்கத்து வீட்டு இருசம்மாளை முறைத்துக்கொண்டே இருக்கிறாள். போனில் பேசினால் நடுவில் கத்துவாய் என்பதால், நாளை குவைத்துக்குக் கிளம்பும் நம்ம ஊர்ப் பையன் பூமாலை கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே படி.

நீ என்னை நம்பி விட்டுப்போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பத்திரமாக இருக்கிறது. "பழைய வண்டி மாமா, வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணா போதும், வேற எதையும் தொடாதீங்க" என்றாய். நான் தொட்டது சக்கரத்தை மட்டும்தான்.

கோபப்படாமல் காரணத்தைக் கேள். இரண்டு மாதமாக அந்த வண்டிக்கு என்ன கேடு வந்ததோ, வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடிவயிறு தேய்ந்தது. நானோ வெள்ளிமலைக்குப் போய் எஸ்தர் டீச்சரைப் பிரிட்டோவுக்குப் பேசி முடித்த அன்றே, "எங்க வூட்ல ஸ்போர்ட்ஸ் காரு நிக்குது, ஓலை எழுத அதுலதான் வருவோம்" என்று சம்பந்தியிடம் அளந்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் பிறந்தால் கல்யாணம் கிடையாது, அதற்குள் மூன்று ஞாயிறு கோயிலில் ‘இன்னாருக்கு இன்னார்’ என்று கல்யாண ஓலை வாசித்தாக வேண்டும், எழுதுவதற்குப் போன சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிதான் கெடு. தவறினால் கல்யாணம் ஜனவரிக்குப் போய்விடும். மண்டபம் போச்சு, நீ முதலாளி காலில் விழுந்து வாங்கிய லீவும் போச்சு.

கள்ளக்குறிச்சி டயர் கடை ஜெயப்பிரகாஷ்தான் யோசனை சொன்னார். "பதினாலு இஞ்ச கழட்டிட்டு பதினேழு போடுங்க சார். வண்டி தூக்கிக்கும், பாக்கவும் ஜம்முனு இருக்கும்." போட்டோம். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் என் விரல் தாராளமாகப் போனது. முப்பத்திரண்டு வருஷம் ஆலை எடைமேடையில் உட்கார்ந்து, கரும்பு டிராக்டரை லோடோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை எடை போட்டே சம்பளம் வாங்கினவன், காலி வண்டியில் விரலை விட்டுப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்! கழற்றிய பழைய சக்கரம் நாலையும் வீணாக்கவில்லை, நம்ம கோயில் தேருக்குக் கொடுத்தேன். சாமியார் மந்திரித்துவிட்டார். "உபயம்: டென்னிஸ், குவைத்" என்று தகரத்தில் எழுதியும் மாட்டியாயிற்று. ஊரே உன்னைத்தான் புகழ்கிறது.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். உன் அக்கா முன்னால். பின்சீட்டில் முழங்கால் காதைத் தொட, மடியில் பழத்தட்டோடு பிரிட்டோ. கச்சிராயபாளையம் வரைக்கும் ராஜபவனிதான். மலையில் முதல் வளைவில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தேன், கர்ரென்று ஒரு சத்தம். "இன்னாங்க இது, ரப்பர் கருகுற நாத்தம்?" என்றாள் உன் அக்கா. பிரேக் என்று புளுகினேன். அடுத்த வளைவில் புகையே வந்தது. இறங்கிப் பார்த்தால் டயர் உன் மட்கார்டைத் தின்றுகொண்டிருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் இறங்கியதும் வண்டி கொஞ்சம் தூக்கிக்கொண்டது, எனக்கும் வழி பிறந்தது. வளைவு வந்தால் அவர்கள் இறங்கி நடக்க வேண்டியது, நான் திருப்பி நிறுத்த வேண்டியது, மறுபடி ஏற வேண்டியது. ஐந்தாவது வளைவில் உன் அக்கா பட்டுப்புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, "புள்ளைக்கு ஓலை எழுதப் போறனா, இல்ல நடந்தே மலையேறுறேன்னு வேண்டிக்கினு வந்தனா? போதும்யா உன் காரு!" என்று கத்தி, பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, மாப்பிள்ளையையும் பழத்தட்டையும் ஏற்றிக்கொண்டு போயேவிட்டாள்.

ஆள் இறங்கியதும் உன் கார் ஏறின ஏற்றத்தைப் பார்க்க வேண்டுமே! பஸ்ஸை முந்திக்கொண்டு பதினொன்றரைக்கே வெள்ளிமலைக் கோயிலில் நிற்கிறேன். அந்த ஊர்ச் சாமியார் ஓலைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை எங்க?" என்றார்.

"பஸ்ல வரான் சாமி."

"அப்ப காருல இன்னாத்த ஏத்திக்கினு வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல சாமி. வண்டி காலி."

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பஸ் வந்தது. எனக்கு உயிரும் வந்தது. ஓலை எழுதிக் கையெழுத்துப் போடும்போது அழுதுவிட்டேன், உன்னிடம் மறைப்பானேன். எஸ்தர்தான் கைக்குட்டை கொடுத்து, "கல்யாணத்தன்னிக்கு ஆட்டோவே போதுங்க மாமா" என்றாள். தங்கமான பெண்.

ஆக, பெரிய சக்கரம் போட்டதைத் தவிர எனக்கு வேறு வழியே இருக்கவில்லை என்பது உனக்கே புரிந்திருக்கும். மட்கார்டை நீ வருவதற்குள் தட்டி நிமிர்த்திவிடுவேன். இருபத்தாறாம் தேதி கல்யாணத்துக்கு நல்ல மனசோடு வந்து சேர். இப்போது உன் சக்கரத்தின் மேல் நிற்கிற அந்தோணியார் உனக்குப் பொறுமையைத் தருவாராக.

உன் மாமா,
லூர்துராஜ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா குடை தேடி உன் கார் டிக்கியைத் திறந்தாள். இரண்டு மூட்டைச் சர்க்கரையும் உள்ளே இருக்கிறது. எறும்புக்குப் பயந்து செப்டம்பரில் நான்தான் வைத்தேன், இப்போது ஞாபகம் வருகிறது. இறக்கினதும் வண்டி நாலு விரல் தூக்கிக்கொண்டது. பழைய சக்கரமே போதுமாய் இருந்திருக்கும். தேரிலிருந்து கழற்றித் தரச் சாமியார் ஒப்ப மாட்டார். உன் அக்கா இருசம்மாளிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறாள். போகிற போக்கில், "முப்பத்திரெண்டு வருஷம் எடமேடையில இன்னாதான் பண்ணிக்கினு இருந்தீங்க?" என்று கேட்டாள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.